மழைக்கும் நோய்க்கும் முன்னே வீட்டுப் பண்டம் சேர்த்தல்

(சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களிலுள்ள கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. ஆற்றுக்கு அணை கோலுவது பெரியோர் பலர் கூடிச் செய்யும் காரியம். அடுப்புக்கு அணை கோலுவதோ ஒவ்வொரு குடும்பமும் தானே செய்துகொள்ள வேண்டிய காரியம். களத்திலே தானியம் குவிந்திருக்கும்பொழுது அதைப்பற்றிய கவலை நமக்கு உண்டாவதில்லை. கவலை உண்டாகும்பொழுதோ தானியம் வீட்டில் இருப்பதில்லை. இவ்விரண்டு காலங்களுக்கும் நடுவே கிடக்கும் மாதங்களில் ஒரு குடும்பம் என்ன செய்யக்கூடும், அதற்குச் சங்கம் எவ்விதம் துணை நிற்கக்கூடும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மழையோ நோயோ ஒரு வீட்டை அடைத்துவிடும் நாட்களில் செலவு நிற்பதில்லை. கூலி மாத்திரம் நின்றுவிடுகிறது. இதுவே விஷயத்தின் ஆணிவேர். குழித்தறியில் தண்ணீர் ஊறினால் நெசவாளிக்கு வேலையில்லை. வயல் சேறானால் கூலியாளுக்கு வேலையில்லை. மின்சாரம் நின்றால் விசைத்தறிக் கூடத்தில் வேலையில்லை. ஆயினும் வயிறு மூன்று வேளையும் கேட்கிறது. அந்தச் சமயத்தில் வெறும் பானையுடன் நிற்கும் குடும்பம் கடைக்காரனிடம் கடன் சொல்லுகிறது; அல்லது கைமாற்று வாங்குகிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 1,000 ரூபாய் வாங்கியவர் ஆறு மாதத்தில் வட்டியாக மாத்திரம் 300 ரூபாய் கொடுக்கிறார். பத்து நாள் மழை ஒரு வருஷத்துக் கடனாக மாறுவது இப்படித்தான்.

1. நம் நாட்டில் அடைபடும் நாட்கள்

நம் சமவெளிக்கு மழை இரண்டு பருவங்களிலும் உண்டு. ஆனியிலிருந்து புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவத்திலும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்திலும் பெய்கிறது. இவற்றுக்கு முன்னே சித்திரை, வைகாசியில் இடியும் சூறைக்காற்றும் கூடிய கோடை மழை வந்து வாழையையும் கூரையையும் சாய்த்துப் போகிறது.

காவிரிக் கரையிலுள்ளோர்க்கு வேறொரு அபாயமும் உண்டு. நம் ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்; குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையோ ஆடி மாதத்தில் நம் வாசலில் வந்து நிற்கும். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி இன்றும் முதியோர் தம் முன்னோரிடம் கேட்டதைச் சொல்லுகிறார்கள். 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடிந்த மேட்டூர் அணை 120 அடி வரையில் நீரைத் தாங்கி நிற்கக்கூடியது, அதில் 93.47 டி.எம்.சி. நீர் அடங்கும். ஆயினும் அணை நிரம்பியபின் வருகிற நீரை வந்தபடியே விட்டுத் தீர வேண்டும். 2018 ஆகஸ்டிலும், 2022 ஆகஸ்டிலும், 2024-ல் ஜூலைக் கடைசியில் அணை நிரம்பியபொழுதும் குமாரபாளையம், பள்ளிபாளையம் முதலிய இடங்களில் கரையோர வீடுகளில் நீர் புகுந்தது. ஜனங்கள் முகாம்களுக்குச் செல்ல நேர்ந்தது.

ஆற்றங்கரையில் இல்லாதவர்கள் தமக்கு அபாயமில்லை என்று எண்ணுதல் தவறு. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரியருகே கரை கடந்த பெஞ்சல் புயல், கடலுக்கு வெகு தூரத்திலுள்ள நம் பக்கத்தில் வந்து பொழிந்தது. முன்னே சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகர் வழியே நாமக்கல் பக்கம் ஓடும் திருமணிமுத்தாறு கரை புரண்டது.

வானம் தெளிந்திருக்கும்பொழுதும் பண்டம் வராமல் நிற்பதுண்டு. 2018 ஜூலை 20-ம் தேதி முதல் சுமார் எட்டு நாட்கள் இந்தியா முழுவதும் லாரிகள் ஓடவில்லை. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லிலேயே வண்டிகள் வரிசையாக நின்றன. துவரம் பருப்பும், சர்க்கரையும், வெங்காயமும் பெரும்பாலும் வெளி மாகாணங்களிலிருந்து நமக்கு வருகிறவை என்பதை அப்பொழுதுதான் பலர் உணர்ந்தார்கள்.

2. தாது வருஷமும் 2020-ம் வருஷமும்

பழைய அனுபவத்தில் பெரியது 1876 முதல் 1878 வரையில் நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் அதனால் மிகவும் நொந்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871-ம் வருஷத்து ஜனக்கணக்கில் அந்நாளைய சேலம் ஜில்லாவில் ஏறத்தாழ 19½ லட்சம் பேர் இருந்தார்கள். பத்து வருஷங்களுக்குப்பின் 1881-ல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 16 லட்சம் பேரே இருந்தார்கள். பெருக வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்து போயிற்று. அக்காலத்திலேயே சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது என்பதை நாம் மறக்கலாகாது. ரயிலில் தானியம் வந்தாலும், விலை ஏறி, கையில் ரொக்கமும் வீட்டில் தானியமும் இல்லாதவனுக்கு அது எட்டாத பண்டமாகவே இருந்தது.

அப்பஞ்சத்தில், 1877-ல், சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரின் யோசனைப்படி நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலியாயிற்று. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று அம்மாகாணத்துச் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ் வற்புறுத்தினார். தானியம் மாத்திரம் இருந்தால் போதும், பருப்பும் எண்ணெயும் இல்லாமலே உடல் தாங்கும் என்று எண்ணுவது பிழை என்பதை இவ்வரலாறு நமக்குப் போதிக்கிறது. இதைப் பின்னே கணக்குப் போடும் இடத்தில் நினைவுகொள்ள வேண்டும்.

நோயினால் அடைபட்ட அனுபவம் நம் காலத்திலேயே ஏற்பட்டது. 2020 மார்ச்சு 24-ம் தேதி இரவு கொரோனா நோயின் காரணமாக நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, மறுநாள் முதலே அமலுக்கு வந்தது. அடுத்த மாதம் 24-ம் தேதி, சேலம் மாநகரில் 26 முதல் 28 வரையில் மூன்று நாட்கள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மளிகைக் கடைகளும் அடைக்கப்படும் என்று அறிந்த ஜனங்கள் 25-ம் தேதி கடைகளில் நெருங்கி நின்றார்கள். விலகி நிற்க வேண்டிய நோய்க்காலத்தில், அரிசிக்கும் பருப்புக்கும் வேண்டி ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. மூன்று நாளைக்கு வேண்டிய பண்டம் வீட்டில் இருந்தவர்கள் அன்று வாசற்படி தாண்ட வேண்டியிருக்கவில்லை. முன்கூட்டிச் சேர்ப்பது பணத்தை மாத்திரமல்ல, உயிரையும் காக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

3. எவ்வளவு சேர்ப்பது?

முதலில் மூன்று நாளைக்கு. பிறகு ஒரு வாரத்துக்கு. முடிவாக 14 நாட்களுக்கு. இவ்வரிசையில் படிப்படியாகச் சேர்த்தல் நலம். எடுத்த எடுப்பில் ஒரு மாதத்துப் பண்டம் வாங்க முயலுகிறவர் கடனில் விழுவார். அல்லது வண்டுக்குத் தீனி போடுவார்.

கணவன், மனைவி, ஒரு பாட்டி, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். வயது வந்த இருவருக்கும் தலைக்கு 450 கிராம் வீதம் 900 கிராம். பாட்டிக்கு 350 கிராம். குழந்தைகளுக்குத் தலைக்கு 250 கிராம் வீதம் 500 கிராம். ஆக நாளொன்றுக்கு 1,750 கிராம் தானியம் வேண்டும். பதினான்கு நாளைக்கு 24½ கிலோ. 25 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பருப்பு நாளொன்றுக்கு 250 கிராம் வீதம் 3½ கிலோ ஆகிறது. எண்ணெய் தலைக்கு 25 கிராம் வீதம், பதினான்கு நாளைக்கு ஏறத்தாழ 2 லிட்டர். இக்கணக்கின்படி அக்குடும்பத்தின் இருப்பு வருமாறு:

அரிசி – 15 கிலோ
கேழ்வரகு – 6 கிலோ
கம்பு, சோளம் அல்லது சாமை – 4 கிலோ
துவரம் பருப்பு – 1½ கிலோ
பச்சைப்பயறு – 1 கிலோ
கொள்ளு – 1 கிலோ
நிலக்கடலை – 1 கிலோ
எண்ணெய் – 2 லிட்டர்
உப்பு – 1 கிலோ
புளி – ½ கிலோ
மிளகாய், மல்லி – வகைக்கு ¼ கிலோ
மஞ்சள், சீரகம், மிளகு, கடுகு – வகைக்கு 100 கிராம்
வெல்லம் – 1 கிலோ
சர்க்கரை – 1 கிலோ
ஜவ்வரிசி – ½ கிலோ
சின்ன வெங்காயம் – 3 கிலோ
சோப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, கைவிளக்குக்குரிய மின்கலம் – தேவைக்குத் தக்கபடி

இது ஓர் உதாரணமேயன்றிக் கட்டளையன்று. கொழுந்து வயதுக் குழந்தைகள் உள்ளவரும், கருவுற்ற பெண் உள்ளவரும், கடின உழைப்பாளிகள் உள்ளவரும் தத்தம் வீட்டுக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் வீட்டில் செலவாவதைச் சுவரில் எழுதி வந்தால் கணக்கு தானே விளங்கும். வீட்டார் உண்ணாத பண்டத்தைச் சேர்ப்பதில் பயனில்லை.

4. எதைச் சேர்ப்பது?

நம் முன்னோர் இந்நாட்டில் நெல்லை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை ஆகியவையே புன்செய்ச் சீமையின் பிரதான ஆகாரம். இவற்றில் இருப்புக்கு மிகவும் ஏற்றது கேழ்வரகு. அதன் மணி சிறியது, தோல் கெட்டியானது, வண்டு எளிதில் துளைப்பதில்லை. உலர்ந்த கேழ்வரகைக் குதிரிலும் குழியிலும் வருஷக் கணக்கில் வைத்திருந்து, மழை பொய்த்த காலத்தில் எடுத்து உண்டது நம் சீமையின் வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது மிகவும் சொற்பம். ஆகவே குழந்தைகளும் தாய்மாரும் உள்ள வீட்டில் கேழ்வரகு இருப்பது இருமடங்கு நன்மை.

கம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கம்பு மணியாக இருந்தால் நிற்கும். மாவாக அரைத்து வைத்தால் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் காறி, மாவு கசந்து போகும். ஆகையால் கம்பை மணியாகவே வைத்து, வேண்டும்பொழுது வேண்டுமளவு இடித்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்விதி எல்லாத் தானியத்துக்குமே நல்லது: மாவைவிட மணி நெடுநாள் நிற்கும்.

பருப்பு வகையில் கொள்ளும் பச்சைப்பயறும் நம் நிலத்திலேயே விளைகிறவை. லாரி நின்றாலும் இவை நிற்பதில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளிலிருந்து நாடெங்கும் போகும் முட்டையும் நல்ல ஆகாரமே. ஆயினும் குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அது நெடுநாள் இருப்புக்கு உதவாது. அதைப் புதிதாக வாங்கி உண்பதே முறை.

ஜவ்வரிசியின் வரலாறு இப்பாடத்துக்கு மிகவும் பொருந்தியது. முன்பு ஜவ்வரிசி மலாய் நாடு முதலிய கீழைத் தேசங்களிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அவ்வரத்து நின்றது. நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கஞ்சி வைக்க அது கிடைக்காத அக்காலத்தில், சேலத்து வியாபாரியாகிய மாணிக்கஞ் செட்டியார் 1943-ம் வருஷ வாக்கில் நம் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய முற்பட்டார். அதிலிருந்து வளர்ந்த தொழிலே இன்று சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கங்களில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பளிக்கிறது. உற்பத்தியாளர்கள் 1981-ல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வருவது நின்றபொழுது நம் நிலம் என்ன தரும் என்று யோசித்ததன் பலன் இது.

5. கெடாமல் காக்கும் முறை

சேர்ப்பதைவிடக் காப்பதே கடினம். பண்டத்தைக் கெடுப்பவை நான்கு: ஈரம், வண்டு, எலி, மறதி.

ஈரம். தானியத்தை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்து, பல்லில் கடித்தால் கடுக்கென்று உடையும் பதத்தில், சூடு ஆறிய பிறகே அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை அல்லது கல்லின்மேல் வைக்க வேண்டும். வெள்ளம் புகக்கூடிய வீடுகளில் பரண்மேல் ஏற்றுதலே தகுதி. நிலக்கடலையில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும். அது ஈரலைக் கெடுப்பது. வறுப்பதாலும் வேக வைப்பதாலும் முற்றிலும் நீங்காதது. பூசணம் பிடித்த கடலையைத் தாமும் உண்ணலாகாது. மாட்டுக்கும் கோழிக்கும் போடலாகாது.

வண்டு. உலர்ந்த வேப்பிலையையும் நொச்சியிலையையும் தானியத்தின் இடையிடையே பரப்புவது நம் பெண்டிர் நன்கறிந்த முறை. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பதும் உண்டு. பயறு வகைக்கு, கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி விளக்கெண்ணெயைத் தடவி வைத்தால் வண்டு முட்டையிட்டுப் பெருகுவது குறையும். தோட்டத்தில் விளைந்த துவரையைச் செம்மண் கட்டிக் காய வைப்பது பழைய வழக்கம், அதை விடவேண்டியதில்லை. கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளைகளிட்ட குழாய்ப் பொறி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். தானியத்தினுள் அதைச் செருகி வைத்தால் வண்டுகள் துளை வழியே விழுந்து அடியில் அகப்படும். வண்டு வந்துவிட்டதா என்பதை முன்னதாகவே அறிவதற்கு இது உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிடங்குகளில் உபயோகிக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுத் தானியத்தில் ஒருபோதும் போடலாகாது. அதிலிருந்து எழும் புகை மூடிய அறையில் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். பூச்சிமருந்துப் பாத்திரத்தில் தானியம் வைப்பதும், தானியத்தருகில் பூச்சிமருந்து வைப்பதும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

எலி. இறுக மூடக்கூடிய தகரப் பீப்பாயே எலிக்கு ஏற்ற காவல். சாக்கும் பிளாஸ்டிக்குப் பையும் அதன் பல்லுக்கு நில்லா.

மறதி. எல்லாவற்றிலும் பெரிய சத்துரு இதுவே. இருப்பு என்று தனியே ஒதுக்கி மூலையில் வைத்ததை வருஷம் முழுவதும் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. மழை வந்தபொழுது திறந்தால் உளுத்த மாவே மிஞ்சும். ஆகையால் பழையதை எடுத்துச் சமைத்து, புதியதை அடியில் வைத்து, எப்பொழுதும் அளவு குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அமாவாசைக்கு ஒருமுறை பாத்திரங்களைத் திறந்து பார்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் மறதி அண்டாது.

6. தண்ணீரும் அடுப்பும்

வெள்ளக் காலத்தில் எங்கும் தண்ணீர் நிற்கும். குடிப்பதற்கு மாத்திரம் இராது. குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3 லிட்டர் வீதம், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர் சுத்த ஜலம் மூடிய பாத்திரங்களில் இருத்தல் வேண்டும். கிணற்றில் வெள்ளம் கலந்திருந்தால் தண்ணீரை வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்தே பருக வேண்டும்.

மூடாத பாத்திரம் வேறொரு நோய்க்கு வித்தாகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, சாக்கடையில் அல்ல, வீட்டில் தேக்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். 2017-ல் சேலத்துப் பக்கத்தில் அக்காய்ச்சல் கடுமையாகப் பரவிற்று. எனவே தொட்டியையும் குடத்தையும் துணியாலோ மூடியாலோ கட்டி, வாரத்துக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அரிசி இருந்தும் எரிக்க விறகு இல்லாமல் பட்டினி கிடந்த வீடுகள் உண்டு. எரிவாயு அடுப்பு உள்ளவர்களும் ஒரு கட்டு உலர்ந்த விறகையோ சோளத்தட்டையையோ நனையாத இடத்தில் வைத்திருப்பது நல்லது. அவல், பொரிகடலை, வெல்லம், வறுத்த கேழ்வரகு மாவு ஆகியவை அடுப்பு மூட்டாமலே உண்ணத்தக்கவை. வீட்டைவிட்டு முகாமுக்குச் செல்ல நேர்ந்தால் முதலில் எடுத்துச் செல்லத்தக்கவையும் இவையே. இவற்றுடன் குடும்ப அட்டை, நிலப் பத்திரம், சங்கக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை நனையாத உறையிலிட்டு ஒரே பையில் வைத்திருக்க வேண்டும்.

7. நோயாளி உள்ள வீடு

நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு வைத்தியர் நாள்தோறும் உண்ணச் சொன்ன மாத்திரை இருக்குமாயின், எப்பொழுதும் இரண்டு வாரத்துக்குரியது கையிருப்பில் இருக்கும்படி முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். வைத்தியர் சொல்லாத மருந்தைச் சேர்த்து வைத்துத் தாமே கொடுப்பது ஆபத்து.

மழைக்குப்பின் வயிற்றுப்போக்கு வருவது சகஜம். அப்பொழுது உயிரைக் கவருவது பெரும்பாலும் உடலிலுள்ள நீர் வற்றுவதேயாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு மூன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும். பொட்டலம் இல்லையெனில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு தவறலாகாது, உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நோயாளிக்குக் கஞ்சியே போதும் என்று பல நாள் வெறுங்கஞ்சி கொடுப்பதும் சரியன்று. காய்ச்சல் தணிந்தவுடன் பயற்றங் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், முட்டை முதலியவற்றைப் பக்குவமறிந்து கொடுத்தாலன்றி உடல் தேறாது.

8. பணம் எங்கிருந்து வரும்?

இவ்வளவும் படித்த ஓர் அங்கத்தினர், "அன்றாடங் கூலிக்கு உழைக்கும் எனக்கு இதெல்லாம் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை பிடி தானியம். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி, உலையிலிடும் முன் எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். பிடிக்கு 50 கிராம் வீதம் நாளொன்றுக்கு 100 கிராம். மாதத்துக்கு 3 கிலோ. தை மாதப் பிறப்பில் ஆரம்பித்தால் ஆவணி முடிவதற்குள் எட்டு மாதத்தில் 24 கிலோ சேர்ந்துவிடும். மேலே கூறிய குடும்பத்தின் பதினான்கு நாள் தானியம் ஏறத்தாழ அதுவே. ஐப்பசி மழைக்கு முன்னே, ஒரு காசும் கடன் வாங்காமல், பானை நிறைந்திருக்கும். பருப்பையும் எண்ணெயையும் பொறுத்தவரையில், நியாய விலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதந்தோறும் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பையும் ஒரு லிட்டர் பாமாயிலையும் மாத முதல் வாரத்திலேயே தவறாமல் வாங்கி, அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வந்தால் அதுவும் கூடிவிடும்.

இரண்டாம் விடை கூட்டுறவு. கூட்டுறவு இயக்கமே பசியிலிருந்து பிறந்தது என்பதைச் சங்கத்தார் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 28 தொழிலாளிகள் 1844 டிசம்பர் 21-ம் தேதி திறந்த பண்டகசாலையில் முதல் முதல் விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் முதலிய சில வீட்டுப் பண்டங்களே. ஜெர்மனியில் 1846-47-ம் வருஷத்துப் பஞ்சத்தில், வையர்புஷ் என்னும் கிராமத் தொகுதியின் தலைவராயிருந்த ரெய்பைசன், வசதியுள்ளோரைச் சேர்த்து ரொட்டிச் சங்கம் ஒன்றை அமைத்து, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுக்கச் செய்தார். பின்னாளில் கிராம நாணய சங்கங்களுக்கு அவர் வழிகாட்டியானதற்கு வித்து அதுவே. நம் மாகாணத்தில், கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ம் வருஷத்திலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் வீட்டுப் பண்டங்கள் விற்கும் கூட்டுறவு சங்கம் ஏற்பட்டது.

இவ்வழியில் கிராம சங்கம் செய்யக்கூடியவை சில உண்டு. ஒன்று, அறுவடை முடிந்து விலை தணிந்திருக்கும் மாசி, பங்குனியில் அங்கத்தினரின் தேவையைக் கணக்கெடுத்து, பருப்பும் கேழ்வரகும் மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டு, தானிய நிதி ஒன்று அமைக்கலாம். களத்தில் உள்ளபொழுது குடும்பத்துக்கு இரண்டு வள்ளம் கேழ்வரகு வீதம் சேர்த்து வைத்து, அடைமழையிலோ நோயிலோ தேவைப்பட்டவருக்குக் கொடுத்து, மறு அறுவடையில் சிறிது கூடுதலுடன் திரும்பப் பெறலாம். வட்டியாக வரும் தானியமும் சங்கத்திலேயே தங்கும். கொடுத்ததும் வாங்கியதும் எல்லோரும் காண எழுதி வைக்கப்பட வேண்டும். கணக்குப் புத்தகம் மூடியிருக்கும் இடத்தில் குதிரும் வெறுமையாகும். மூன்று, முதியோர் மாத்திரம் உள்ள வீடு, விதவை வீடு, நோயாளி வீடு ஆகியவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு, மழைக்கு முன்னே அவ்வீடுகளில் இருப்பு உண்டா என்று இருவர் சென்று பார்த்து வரலாம்.

9. சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

அபாயச் செய்தி வந்தபின் கடைக்கு ஓடி, கையில் உள்ள பணத்துக்கெல்லாம் வாங்கிக் குவிப்பது சேமிப்பாகாது. பத்து வீட்டுக்குரிய பருப்பு ஒரு வீட்டில் அடைபட்டால், ஒன்பது வீட்டில் அன்று குழம்பில்லை. விலையும் மறுநாள் ஏறும். ஏழைகளே முதலில் அதனால் வருந்துவார்கள். தாது வருஷத்தில் ரயிலில் வந்த தானியம் ஏழைக்கு எட்டாமற் போனதும் இதே வகையைச் சேர்ந்ததே. பண்டம் மலிந்த காலத்தில் சிறிது சிறிதாக எடுத்து வைப்பது ஒருவரையும் வருத்துவதில்லை. அவ்வாறு எடுத்து வைத்தவர் நெருக்கடி நாளில் கடைக்கு வராமலிருப்பதே, இல்லாதவருக்கு அவர் செய்யும் முதல் உதவி.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய கேள்விகள்

1. சென்ற ஐந்து வருஷங்களில் நம் ஊர் எத்தனை முறை, எத்தனை நாட்கள் அடைபட்டது? அப்பொழுது எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கின? எந்த வட்டிக்கு?

2. இன்று மழை பிடித்துக்கொண்டால் உங்கள் வீட்டில் எத்தனை நாளைக்குத் தானியமும், பருப்பும், மருந்தும், விறகும் இருக்கின்றன?

3. நம் ஊரில் விளையும் பண்டங்கள் எவை? வெளியிலிருந்து வருகிறவை எவை? வரத்து நின்றால் எதற்கு எதை மாற்றாகக் கொள்ளலாம்?

4. தானிய நிதி அமைப்பதானால் எந்த மாதத்தில் சேர்ப்பது, யார் வீட்டில் வைப்பது, சாவி யாரிடம், கணக்கு யாரிடம்?

5. இருப்பு வைத்துக்கொள்ள வகையில்லாத வீடுகள் நம் ஊரில் எவை? அவற்றுக்குச் சங்கம் என்ன செய்யப் போகிறது?

ஐந்தாவது கேள்விக்கு விடை கண்ட பிறகே கூட்டத்தை முடிக்க வேண்டும். மற்ற நான்குக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே விடை கண்டுகொள்ளலாம். இதற்கு மாத்திரம் ஊர் கூடியே விடை காண வேண்டும். வருகிற தை முதல் தேதியன்று உலை வைக்கும்பொழுது, ஒவ்வொரு வீட்டிலும் முதல் பிடியை எடுத்துத் தனிப்பானையில் இடுவார்களாக.